துத்தநாகத்துக்கு நாலு கோட்டு

படகுப் பட்டறையில் அவருக்குப் பெயர் மூணுகோட்டு. பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு ஒன்று இருந்தது. அது வருகைப் பதிவேட்டை விட்டு வெளியே வந்ததில்லை. மற்ற பெயிண்டர்கள் இரண்டு கோட்டு அடித்துவிட்டுப் பிரஷ்ஷைக் கழுவப் போகிற நேரத்தில் இவர் மூன்றாவது கோட்டுக்கு டப்பாவைத் திறப்பார். முதலாளி, "போதும்யா" என்பார். அவர் அதைச் சொல்லி முடிப்பதற்குள் ஒரு பக்கம் முடிந்திருக்கும்.

வேலையைக் குறை சொல்லவே முடியாது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, தூசு துடைத்து, பிரைமர் கொடுத்து, காயவிட்டு, மறுபடி தேய்த்துத்தான் முதல் கோட்டே ஆரம்பிக்கும். முடிந்ததும் டார்ச் விளக்கைப் படகின் வயிற்றோடு ஒட்டிப் பிடித்து, ஒழுகல் இருக்கிறதா, மேடு பள்ளம் இருக்கிறதா என்று படுத்துக்கொண்டே பார்ப்பார். இருபத்திரண்டு வருடத்தில் அவர் அடித்த ஒரு படகும் "சரியில்லை" என்று திரும்பி வந்ததில்லை. இதை அவரே ஒரு நாளைக்கு இரண்டு தடவையாவது சொல்வார் என்பதால் எல்லோருக்கும் மனப்பாடம்.

ஒரே சங்கடம், அவருடைய கோபம். காயாத பெயிண்ட் மேல் யாராவது கை வைத்துவிட்டால் அன்றைக்கு அந்த ஆளுடைய பரம்பரையே பட்டறைக்கு வந்துபோகும். ஒரு டிரைவர் பக்கத்தில் நின்று தும்மியதற்கு ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. மற்றபடி தங்கமான மனிதர் என்று எல்லோரும் சொன்னார்கள், சற்றுத் தள்ளி நின்றுகொண்டு.

இரும்புப் படகுகளின் பின்பக்கத்தில், சுக்கானுக்கும் புரொபெல்லருக்கும் அருகே, குளியல் சோப்பைவிடக் கொஞ்சம் பெரிதாக ஆறு சாம்பல் நிறக் கட்டிகள் இருக்கும். இந்தப் பக்கம் மூன்று, அந்தப் பக்கம் மூன்று. பட்டறையில் அதற்கு ஜிங்க் என்று பெயர், துத்தநாகம். வெல்டர் அக்காதான் அவற்றைப் பற்றவைப்பார். நாற்பத்தைந்து வயது, அளந்து பேசுகிறவர். மூணுகோட்டுக்கு அந்தக் கட்டிகள் எதற்கு என்று தெரியாது. எடைக்காக இருக்கும் என்று அவராகவே முடிவு செய்து வைத்திருந்தார். யாரிடமாவது கேட்டிருக்கலாம். கேட்டால் தனக்குத் தெரியாது என்று ஆகிவிடுமே என்று கேட்கவில்லை.

முன்பெல்லாம் இவர் பெயிண்ட் அடித்து முடித்த பிறகு அக்கா வந்து கட்டிகளை வைப்பார். ஒவ்வொரு கட்டியைச் சுற்றியும் உள்ளங்கை அகலத்துக்குப் பெயிண்ட் கருகும். அதற்குப் பிறகு இவர் வந்து திட்டிக்கொண்டே ஒட்டுப் போடுவார். போன வருடம் ஒரு நாள் பொறுமை போய், முதலாளி, கணக்குப்பிள்ளை, கரையில் வலை உலர்த்திக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் கேட்க முக்கால் மணி நேரம் கத்தினார். அக்கா கையுறையைக் கழற்றிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். அன்றோடு இரண்டு பேருக்கும் பேச்சு நின்றது. முதலாளி வேலையின் வரிசையை மாற்றினார். இனிமேல் வெல்டிங் முதலில், பெயிண்ட் பிறகு.

மாற்றிய பிறகு பட்டறைக்கு வந்த இரும்புப் படகுகள் இரண்டே இரண்டு. மற்றதெல்லாம் மரமும் ஃபைபரும்.

முதலாவது, கப்பல்களுக்குக் குடிநீர் கொண்டுபோகிற படகு. அக்கா கட்டிகளைப் பற்றவைத்துவிட்டு, பேச்சுத்தான் இல்லையே என்று, ஒரு கட்டியின் மேல் சாக்பீஸால் 'அடிக்காதே' என்று எழுதிவிட்டுப் போனார். மூணுகோட்டு அதைப் பார்த்தார். பெயிண்டை எங்கே அடிக்க வேண்டும், எங்கே அடிக்கக் கூடாது என்று ஒரு வெல்டர் தனக்குச் சொல்வதா? தின்னர் நனைத்த துணியால் எழுத்தைத் துடைத்தார். ஆறு கட்டிக்கும் மூன்று கோட்டு கொடுத்தார். அந்தப் பின்பக்கம் அவ்வளவு அழகாக அதற்கு முன்னால் இருந்ததே இல்லை.

இரண்டாவது, அவருடைய மச்சானின் படகு. மனைவியின் அண்ணன். தீவுக்குச் சிமெண்ட், காய்கறி, கேஸ் சிலிண்டர் எல்லாம் ஏற்றிப் போகிறவர். கல்யாணப் பேச்சு நடந்தபோது இவர் காதுபட, "பெயிண்டரா மாப்பிள்ளை?" என்று கேட்டவர். கேட்டது ஒரே ஒரு தடவைதான். மூணுகோட்டு அதைப் பதினாறு வருடமாக ஒரு நாளும் மறக்கவில்லை. மச்சான் ஓர் இரும்புப் படகு வாங்கியதும், "நான் அடிச்சுத் தர்றேன் மச்சான், நீங்க எதுவும் பேசக் கூடாது" என்று ஏற்றுக்கொண்டார். அந்த வாயை அடைக்க வேண்டும் என்பதைத் தவிர அவருக்கு வேறு நோக்கம் கிடையாது.

இந்தத் தடவை அக்கா ஆறு கட்டிகளிலும் எழுதியிருந்தார். 'இந்தக் கட்டி மேல் தயவுசெய்து பெயிண்ட் அடிக்காதே' என்று, கட்டிக்கு ஒரு வார்த்தையாக. 'தயவுசெய்து' என்ற வார்த்தைதான் மூணுகோட்டுக்கு ரொம்பக் குத்தலாகப் பட்டது. துடைத்தார். வீம்புக்குக் கட்டிகளுக்கு மட்டும் நாலு கோட்டு. ஒன்பதாம் நாள் படகு கடலில் இறங்கியபோது அக்கா லீவில் இருந்தார்.

மச்சான் படகைப் பார்த்து வாயடைத்துத்தான் போனார். "கண்ணாடி மாதிரி இருக்கு மாப்பிள்ளை" என்றார். அது நடந்து எட்டு மாதம். அதற்குப் பிறகு ஒரு தடவைகூட, "வாங்க, ஒரு சவாரி போய்ட்டு வரலாம்" என்று கூப்பிடவில்லை. இவர் துறைக்குப் போனாலும் மச்சான் படகை விட்டு இறங்கிக் கரைக்கே வந்து பேசி அனுப்பிவிடுவார். திமிர் என்று மூணுகோட்டு முடிவு கட்டினார். இதைப் பற்றியும் யாரிடமும் கேட்கவில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை குடிநீர்ப் படகைக் கரையேற்றினார்கள். பத்து மாதம் கடலில் கிடந்த படகு. பாசியை அலம்பியதும் பின்பக்கத்து ஆறு கட்டிகளும் நேற்று அடித்தது போல மின்னின. முதலாளி எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினார். "பாருங்கப்பா, ஒரு பொட்டு உரியல!" மூணுகோட்டு கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "மூணு கோட்டு" என்றார் அடக்கமாக.

அக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். கட்டிகளைப் பார்த்தார். பிறகு ஒரு சின்னச் சுத்தியலை எடுத்து, சுக்கானைப் பிடித்திருந்த போல்ட்டில் லேசாக ஒரு தட்டுத் தட்டினார். போல்ட்டின் தலை கழன்று விழுந்து உருண்டு மூணுகோட்டின் செருப்பருகே வந்து நின்றது. அடுத்த போல்ட் பென்சில் கனத்துக்கு இளைத்திருந்தது. அதற்கடுத்தது, தட்ட வேண்டிய அவசியமே இல்லாமல், கையோடு வந்தது.

"ஜிங்க் புதுசா இருந்தா படகு போச்சுன்னு அர்த்தம்" என்றார் அக்கா. சொன்னது முதலாளியைப் பார்த்து. குரல் மட்டும் இந்தப் பக்கம்.

"பெயிண்ட் அடிச்சா துரு பிடிக்காது. சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்" என்றார் மூணுகோட்டு. அவரும் முதலாளியைப் பார்த்துத்தான் சொன்னார்.

"இரும்புக்கு அடிங்க. யார் வேண்டாம்னாங்க?" அக்கா இப்போது நேராகவே திரும்பிவிட்டார். "உப்புத் தண்ணியில ரெண்டு உலோகம் ஒண்ணோட ஒண்ணு சேர்ந்து கிடந்தா, எது சீக்கிரம் கரையுமோ அது மத்ததுக்கும் சேர்த்துக் கரையும். அதுக்கு ஒரு வரிசை இருக்கு பெயிண்டரே. தங்கம் கரையவே கரையாது. செம்பு, வெண்கலம் எல்லாம் ரொம்ப மெதுவா. இரும்பு அதைவிட வேகம். ஜிங்க் இரும்பைவிட வேகம். இங்க புரொபெல்லர் வெண்கலம், சுக்கான் இரும்பு. சும்மா விட்டா இரும்பு போயிரும். அதுக்குத்தான் ஜிங்க்கை வைக்கிறோம். அது முதல்ல கரையும். அது கரையற வரைக்கும் இரும்பு தப்பிக்கும். நீங்க அதைப் பெயிண்டுக்குள்ள பூட்டி வச்சுட்டீங்க. கடல் என்ன பண்ணும்? அடுத்த ஆளைப் பிடிச்சிருச்சு."

மச்சானின் படகு எட்டு மாதமாகக் கடலில் கிடக்கிறது என்பதும், அதில் நாலு கோட்டு என்பதும் மூணுகோட்டுக்கு உடனே நினைவு வந்தது. ஆனால் அக்கா சொல்வது சரி என்று ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை. போல்ட் மட்டரகமாக இருந்திருக்கலாம். அப்படி இருக்க வேண்டும் என்று விரும்பினார்.

சாயங்காலம் ஒரு கேன் கடல்தண்ணீர், இரண்டு துத்தநாகத் துண்டுகள், ஒரு பிடி ஆணி, செம்புக் கம்பி இவற்றோடு வீட்டுக்குப் போனார். சமையலறை அலமாரியில் மனைவி கழுவிக் கவிழ்த்து வைத்திருந்த நாலு ஊறுகாய் பாட்டில்களை எடுத்துத் தண்ணீர் ஊற்றினார். முதல் பாட்டிலில் வெறும் ஆணி. இரண்டாவதில் செம்புக் கம்பி சுற்றிய ஆணி. மூன்றாவதில் செம்புக் கம்பியும் துத்தநாகமும் சேர்த்துக் கட்டிய ஆணி. நான்காவதிலும் அதேதான், துத்தநாகத்துக்கு மட்டும் நாலு கோட்டு. கோட்டுக்குக் கோட்டு காயவிட்டதில் அது புதன்கிழமை சாயங்காலம்தான் பாட்டிலுக்குள் போனது.

"என்னங்க இது?" என்றாள் மனைவி.

"வேலை விஷயம். யாரும் தொடக் கூடாது."

அவள் தொடவில்லை. அந்த வீட்டில் தொடக் கூடாத பொருள்கள் ஏற்கெனவே நிறைய இருந்தன.

வியாழக்கிழமை மச்சானுக்குப் போன் போட்டார். "மச்சான், படகு எப்படி இருக்கு?"

"அருமையா இருக்கு மாப்பிள்ளை. ஏன், யாராவது ஏதாவது சொன்னாங்களா?"

"இல்ல, ஒரு தடவை கரையேத்திப் பாத்துரலாமேன்னு."

"எதுக்கு? வேண்டாம் வேண்டாம். சரக்கு நிறையக் கிடக்கு" என்று மச்சான் போனை வைத்துவிட்டார். உதவப் போனாலும் மதிப்பில்லை என்று மூணுகோட்டுக்குக் கோபம்தான் வந்தது. அந்தக் கோபத்தில் இரண்டு நாள் போனது. அந்த இரண்டு நாளும் மச்சான் விடியும்போது கிளம்பித் தீவுக்குப் போய்க்கொண்டுதான் இருந்தார்.

அதற்குள் மூணுகோட்டு வீட்டில் இருந்த உலோகங்களை எல்லாம் சந்தேகத்தோடு பார்க்க ஆரம்பித்தார். மனைவியின் தங்கத் தோடு கல்யாணத்தன்று இருந்த மாதிரியே இருந்தது. பித்தளைக் குழாயின் கழுத்தில் லேசாகப் பச்சை பூத்திருந்தது. தோட்டத்துக் கதவின் இரும்புக் கீல் செதில் செதிலாக உதிர்ந்தது. எல்லாம் அக்கா சொன்ன வரிசையிலேயே நின்றன. அலுமினியச் சட்டி மட்டும் புரியவில்லை. வெள்ளிக்கிழமை அக்காவிடம் போய் நின்றார்.

"வெல்டரம்மா, அலுமினியம் அந்த வரிசையில எங்க இருக்கு?"

அக்கா முகமூடியை மேலே தூக்கி அவரை ஏற இறங்கப் பார்த்தார். அந்த மனிதர் ஒரு விஷயத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்வதை அவர் அதுவரை பார்த்ததில்லை. "ஜிங்க்குக்கும் மேல. இன்னும் வேகம்."

"அப்புறம் எங்க வீட்டுச் சட்டி ஏன் கரையல?"

"காத்துப் பட்ட உடனே அது தன் மேல தானே ஒரு கோட்டு அடிச்சுக்கும். கண்ணுக்குத் தெரியாது. சுரண்டினாலும் உடனே மறுபடி அடிச்சுக்கும்."

மூணுகோட்டுக்கு அலுமினியத்தின் மேல் பெரிய மரியாதை வந்துவிட்டது.

சனிக்கிழமை காலையில் பாட்டில்களைப் பார்த்தார். முதலாவதில் தண்ணீர் தேநீர் நிறம். இரண்டாவதில் அதைவிட மோசம். மூன்றாவதில் துத்தநாகம் வெள்ளையாகப் பூத்து அரித்துப் போயிருந்தது. ஆணி கடையில் வாங்கியது போலப் பளபளத்தது. நான்காவது பாட்டிலில் நாலு கோட்டு அடித்த துண்டு அப்படியே அழகாக இருந்தது. அதன் பக்கத்தில் ஆணி துருப்பிடித்துக் கிடந்தது. பெயிண்ட் வேலையில் ஒரு குறையும் இல்லை. அவர் அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

மனைவி வந்து பாட்டில்களைப் பார்த்தாள். "இப்பவாவது சொல்லுங்க."

சொன்னார். குடிநீர்ப் படகு, போல்ட்டு, சாக்பீஸ் எழுத்து எல்லாவற்றையும் சொன்னார். அவள் கடைசி வரை கேட்டாள். பிறகு நான்காவது பாட்டிலைக் காட்டி, "அப்ப இதுதான் எங்க அண்ணன் படகா?" என்றாள்.

"ஆமா."

"செவ்வாய்க்கிழமையே தெரியுமா உங்களுக்கு?"

அவள் போனை எடுத்து அண்ணனுக்குப் போட்டாள். தொடர்பு எல்லைக்கு வெளியே இருப்பதாகப் போன் சொன்னது. மூணுகோட்டு சட்டையை மாட்டிக்கொண்டு துறைக்கு ஓடினார்.

துறையில் காற்று பலமாக இருந்தது. ஆறு மணி நேரம் ஒரு சிமெண்ட் கட்டை மேல் உட்கார்ந்திருந்தார். தீவுப் பாதையின் நடுவில் சுக்கான் கழன்றால் படகு என்ன ஆகும் என்று துறையில் யாரைக் கேட்டாலும் சொல்லியிருப்பார்கள். அவர் கேட்கவில்லை, இந்தத் தடவை பயத்தினால். செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி என்று திரும்பத் திரும்ப எண்ணிக்கொண்டிருந்தார். தன் மேலேயே இவ்வளவு அருவருப்பு அவருக்கு வந்ததில்லை.

நாலு மணிக்குப் படகு தெரிந்தது. வழக்கம் போல இடது பக்கத்தைக் கரைக்குக் காட்டி வந்து நின்றது. மச்சான் அவசரமாக இறங்கி வந்து, படகுக்கும் இவருக்கும் நடுவில் நின்றுகொண்டார்.

"என்ன மாப்பிள்ளை இந்தப் பக்கம்?"

"மச்சான், நான் தப்புப் பண்ணிட்டேன்" என்றார் மூணுகோட்டு. வாழ்க்கையில் முதல் தடவையாகச் சொன்ன வாக்கியம் என்பதால் அதற்கு மேல் எப்படிப் போவது என்று தெரியவில்லை. தட்டுத் தடுமாறி எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். மச்சான் முகத்தில் கோபத்தை எதிர்பார்த்தார். அங்கே வேறு ஏதோ இருந்தது. "காலையில கரையேத்திருவோம்" என்று மட்டும் சொன்னார் மச்சான்.

ஞாயிற்றுக்கிழமையானாலும் அக்கா வந்தார். முதலாளியும் வந்தார். படகு மெல்ல மேலே ஏறியது. இடது பக்கம் கண்ணாடி மாதிரி. மூன்று கட்டிகளும் நாலு கோட்டோடு ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தன. மூணுகோட்டு வலது பக்கம் போனார்.

வலது பக்கத்தில் முன்னாலிருந்து பின்னால் வரை பெயிண்ட் பட்டையாக உரிந்திருந்தது. அந்தப் பக்கத்து மூன்று கட்டிகளின் மேலேயும் ஒரு சொட்டுப் பெயிண்ட் இல்லை. மூன்றும் கரைந்து பிஸ்கட் கனத்தில் ஒட்டிக்கொண்டிருந்தன. அக்கா சுத்தியலால் சுக்கானின் ஒவ்வொரு போல்ட்டாகத் தட்டினார். ஒவ்வொன்றும் கணீர் என்றது.

"பிழைச்சிருச்சு. இந்த மூணும் ஆறோட வேலையையும் பாத்திருக்கு" என்றார் அக்கா.

மூணுகோட்டு மச்சானைப் பார்த்தார். மச்சான் தரையைப் பார்த்தார்.

"இறக்கின ரெண்டாவது வாரமே தீவுக் கரையில பாறை தட்டிருச்சு மாப்பிள்ளை. பின்னால இழுத்தப்ப மொத்தமா உரிஞ்சு போச்சு. அதான் இந்தப் பக்கத்தைக் காட்டாமலே கட்டிட்டு இருந்தேன். உங்களைப் படகுல ஏத்தாததும் அதுக்குத்தான்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"எப்படிச் சொல்றது? ஒன்பது நாள் பாடுபட்டு அடிச்சீங்க. நீங்க கோபப்பட்டா நான் எங்க போய் நிற்கிறது?"

பதினாறு வருடமாக இந்த மனிதர் தன்னை மட்டமாக நினைக்கிறார் என்று நம்பியிருந்தார் மூணுகோட்டு. தன்னைக் கண்டு பயந்துகொண்டிருக்கிறார் என்பது அவருக்குத் தோன்றியதே இல்லை. முதலாளி பக்கம் திரும்பினார். "உங்களுக்கும் தெரியுமா? ஜிங்க் மேல அடிக்கக் கூடாதுன்னு?"

முதலாளி தொண்டையைச் செருமினார். "குடிநீர்ப் படகு இறங்கினப்பவே வெல்டரம்மா சொன்னாங்க. அடுத்த தடவை பக்குவமாச் சொல்லிக்கலாம்னு இருந்தேன்." கணக்குப்பிள்ளைக்கும் தெரியும் என்று பிறகு தெரியவந்தது. வலை உலர்த்துகிறவர்களுக்கும் தெரியும்.

யாரையும் திட்ட அவருக்கு வாய் வரவில்லை. சுரண்டி ஒன்றை எடுத்துக்கொண்டு படகுக்கு அடியில் படுத்து, தான் அடித்த நாலு கோட்டையும் மூன்று கட்டிகளிலிருந்தும் தானே சுரண்டி எடுத்தார். நன்றாகப் பிடித்திருந்ததால் மத்தியானம் வரை ஆனது. அக்கா பக்கத்தில் உட்கார்ந்து வலது பக்கத்துக்குப் புதுக் கட்டிகளைப் பற்றவைத்தார். கருகிய இடத்தைப் பற்றி இவர் ஒன்றும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் கேட்டுக்கொண்டே அடுப்பில் கிண்டிக்கொண்டிருந்தாள். பாறை தட்டிய இடம் வந்தபோது அவள் ஆச்சரியப்படவில்லை என்பதைக் கவனித்தார்.

"உனக்குத் தெரியுமா?"

"தெரியும். அண்ணன் அன்னைக்கே சொல்லிடுச்சு. உங்ககிட்ட மூச்சு விடக் கூடாதுன்னு கேட்டுக்கிச்சு."

அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். கோபப்பட மாட்டேன் என்று சொல்ல வாயெடுத்தார். சொன்னால் யார் நம்புவார்கள் என்று விட்டுவிட்டு, "வேற ஏதாவது இருக்கா?" என்று கேட்டார்.

அவள் அடுப்பை அணைத்தாள். கையைத் துடைத்துக்கொண்டு எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"இந்தப் பச்சை" என்று அவர் தலைக்குப் பின்னால் இருந்த சுவரைக் காட்டினாள். "கல்யாணமாகி வந்த அன்னைக்கே எனக்குப் பிடிக்கல."

அவர் திரும்பிப் பார்த்தார். அவள் வருவதற்கு முந்தின வாரம், அவளுக்காகவே மூன்று டப்பாக்களைக் கலந்து அவர் கண்டுபிடித்த பச்சை அது. இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை அதே பச்சையை மறுபடி அடித்து வந்திருக்கிறார். ஒவ்வொரு தடவையும் அவள் நன்றாக இருப்பதாகச் சொல்லியிருக்கிறாள். உள்ளங்கையால் சுவரை ஒரு தடவை தடவிப் பார்த்தார்.

"சரி, உனக்கு என்ன கலர் வேணும்?" என்று கேட்டார்.

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "வெள்ளை" என்றாள்.